மலையும் அலையும் (பகுதி 9): அலெக்சாந்திரியாவின் துறைமுகக் கடைத்தெரு

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்வராயன் மலைக்கு வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் இருந்த கோவலூர் (இன்றைய திருக்கோவிலூர்), மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். அதற்குப் பக்கத்திலேயே ஜம்பை. அதியமான் நெடுமான் அஞ்சி சமணர்களுக்குக் குகைப்பள்ளி அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு 1981-இல் அங்கே வெளிப்பட்டது. அசோகனின் கல்வெட்டுகள் பேசும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அந்த ஒற்றை வரி பதில் சொன்னதை நான்காம் பகுதியில் பார்த்தோம்.

காரியைப் பாட வந்த மாறோக்கத்து நப்பசலையார், மேற்குக் கடலில் பொன் கொண்டுவரும் சேரனின் கப்பல்களை உவமையாகச் சொன்னதையும் பார்த்தோம். சேரன் கலம் ஓட்டிய கடலில் வேறு கலம் ஓட முடியாதாம். கபிலர் பாடிய பிறகு காரியைப் பிறர் பாடுவதும் அப்படித்தான் என்கிறார். மலைநாட்டு அரசவையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேற்குக் கடலின் கப்பல் செய்தி தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் அந்த உவமை யாருக்குப் புரியும்? திருக்கோவிலூரில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளும் அதற்குச் சாட்சி.

அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர் கிழக்கே போனால் கடல். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. கிரேக்க மாலுமியின் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ் பொதுகே என்று குறிப்பிடும் துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கிழக்குக் கரையின் சரக்கு கரையோரக் கலங்களில் மேற்குக் கரைக்குப் போய் முசிறியில் பெரிய கப்பலுக்கு மாறியது. மார்கழியில் திரும்பும் காற்றைப் பிடித்துக் கப்பல் செங்கடலை நோக்கிப் போனது. சென்ற வாரம் அதை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தோம்.

இந்த வாரம் கரை சேர்கிறோம்.

*

ஒரு நகரம் விழுந்த நாள்

கி.மு. 30, ஆகஸ்ட் 1. ரோமானியத் தலைவன் ஆக்டேவியனின் படை அலெக்சாந்திரியாவுக்குள் நுழைந்தது. ஆண்டனி தற்கொலை செய்துகொண்டான். சில நாட்களில் கிளியோபாட்ராவும் போய்விட்டாள். உலகம் அந்தக் காதலையும் சாவையும்தான் அதிகம் பேசியிருக்கிறது. தமிழ்க் கடற்கரையின் பார்வையில் அன்று நடந்த முக்கியமான காரியம் வேறு: எகிப்தின் கஜானாச் சாவி ரோமின் கைக்குப் போனது.

ஆக்டேவியன் எகிப்தை மற்ற மாகாணங்களைப் போல நடத்தவில்லை. தன் நேரடிப் பிடியில் வைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் பதில் சொல்லும் ஓர் ஆளுநரை அமர்த்தினான். தன் அனுமதி இல்லாமல் செனட் உறுப்பினர் யாரும் அந்த நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றான்.

உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. ரோமின் செல்வந்தர் வீடுகளுக்கு மிளகு வேண்டும், முத்து வேண்டும், மெல்லிய துணி வேண்டும். வாங்கப் பணமும் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் அலெக்சாந்திரியாவில் தங்கியிருந்தார். ஆளுநர் ஏலியஸ் காலஸ் அவருடைய நண்பர். முன்பு எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் காலத்தில் செங்கடலின் வாயைத் தாண்டிப் போகும் துணிச்சல் ஆண்டுக்கு இருபது கப்பல்களுக்குக்கூட இருந்ததில்லை என்று எழுதும் அவர், இப்போது மியோஸ் ஹார்மோஸ் என்ற ஒரே துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டார்.

இருபதுக்கும் குறைவு எங்கே, 120 எங்கே! பொதுகேயின் வாழ்வு தழைத்த காலம் இந்தத் தாவலுக்குப் பிறகு வந்தது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த இத்தாலியப் பளபளப்புக் கிண்ணங்களும் மது ஜாடிகளும் இந்தக் காலத்தவைதான்.

*

பின்வாசல் வழியே வந்த மிளகு

நம்முடைய கப்பல் அலெக்சாந்திரியாவுக்கு நேராகப் போகவில்லை. போகவும் முடியாது. செங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே அன்று பாலைவனமும் நைல் நதியும் கிடந்தன.

செங்கடல் கரையின் பெரெனிகே துறையில் சரக்கு இறங்கியது. அங்கிருந்து ஒட்டகம். நைல் கரையில் இருக்கும் காப்டோஸ் வரை 257 ரோமானிய மைல், 12 நாள் பயணம் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள். காப்டோஸில் படகு. நீரோட்டத்தோடு வடக்கே இறங்கி, கால்வாய் வழியாக மாரியோட்டிஸ் ஏரி. ஏரியின் வடகரையில் அலெக்சாந்திரியா.

ஆகவே கிழக்குச் சரக்கு அந்த நகரத்துக்குள் பின்வாசல் வழியாக, தெற்குப் பக்கத்து ஏரித்துறை வழியாக நுழைந்தது. கலங்கரை விளக்கமும் பளிங்குத் தூண்களும் வடக்கே கடல் பக்கம் மின்னிக்கொண்டிருக்க, அந்த மினுக்குக்குக் காசு கொடுத்த சரக்கு பின்னாலிருந்து வந்து இறங்கியது. கடல் துறையைவிட ஏரித்துறையே செல்வம் மிக்கது என்று ஸ்ட்ராபோவே எழுதிவிட்டார்.

*

முத்திரை உடையும் நேரம்

இங்கே சற்று நிற்போம். இந்தக் கதையின் முடிச்சு கடைத்தெருவில் விழவில்லை. அதற்கு முன்னால், சுங்கக் கிடங்கில் விழுந்துவிட்டது.

வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-இல் அதைப் படித்து வெளியிட்டார்கள். ஒரு பக்கம் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மாபோல்லோன் என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் கணக்கு.

ஒப்பந்தத்தை எழுதிய விதத்தைப் பாருங்கள். கடன் வாங்கியவன் சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும். காவலோடு காப்டோஸ் கொண்டுபோக வேண்டும். அங்கே அரசுக் கிடங்கில் வைத்து முத்திரையிட வேண்டும். பிறகு படகில் அலெக்சாந்திரியா. அங்கேயும் அரசுக் கிடங்கு. வழியெல்லாம் கடன் கொடுத்தவனின் பிடியும் முத்திரையும் சரக்கின் மேல் இருக்கும்.

அலெக்சாந்திரியாவில் முத்திரை உடைபடும். எடை போடுவார்கள். மதிப்புப் போடுவார்கள். நான்கில் ஒரு பங்கு அரசுக்கு.

நூற்றுக்கு இருபத்தைந்து! அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான் வணிகன் தன் பங்கைத் தொட முடியும். ஹெர்மாபோல்லோனின் கணக்கில் கங்கைக்கரை நறுமணத் தைலப்பொருள் இருக்கிறது, யானைத்தந்தம் இருக்கிறது, துணி இருக்கிறது. தாளில் தெரியும் மொத்தத் தொகை ஏறத்தாழ 69 லட்சம் எகிப்திய திராக்மா. அன்றைய ரோமானியப் படைவீரர்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஓராண்டுச் சம்பளம் கொடுக்கலாம். ஒரே ஒரு கப்பல்!

இப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் போய் வந்தால் அரசுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரோம் இந்த வணிகத்தைப் பொறுத்துக்கொண்டதும், காவல் போட்டு வளர்த்ததும் இதனால்தான் என்பது என் துணிபு. பொன் இந்தியாவுக்குப் போகிறதே, ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஷியஸ் போகிறதே என்று பிளினி புலம்பினார். அந்தப் புலம்பலை நம் பாடநூல்கள் எல்லாம் எடுத்துச் சொல்கின்றன. இந்தியச் சரக்கு அங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று அவர் அதே இடத்தில் சொன்னதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

நூறு மடங்கு. அதில் முதல் ஒரு மடங்கு மட்டும் நம் கடற்கரைக்கு. மலையில் பறித்தவனுக்கு, காட்டில் சுமந்தவளுக்கு, உலையில் ஊதியவனுக்கு அந்த ஒன்றிலும் ஒரு துணுக்கு.

கல்வராயன் மலைக்கு வரி புதிதல்ல. ஜாகீர்தார்களின் ஆட்சி அங்கே 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. கடுக்காயும் தேனும் புளியும் இறக்கி விற்கும் மலைமக்களிடம் கேட்டால், அடிவாரத்தில் சரக்கின் விலை எப்படி ஏறுகிறது என்று இன்றும் விளக்கமாகச் சொல்வார்கள்.

*

துறைமுகத் தெருவில் ஒரு நடை

சுங்கம் தாண்டிய சரக்கோடு நாமும் ஊருக்குள் போவோம். ஸ்ட்ராபோ வழி காட்டுகிறார்.

தேர்கள் ஓடும் அகன்ற தெருக்கள். இரண்டு பெருந்தெருக்கள் நகரைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் போகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர் அகலம். வடக்கே நடந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கிறது. எதிரே பெருந்துறை. கடலைப் பார்த்து நின்றால் வலப்புறம் லோகியாஸ் முனையும் அரண்மனைகளும். இடப்புறம் தீவின் மேல் பாரோஸ் கலங்கரை விளக்கம், 100 மீட்டருக்கும் மேல் உயரம். தீவையும் கரையையும் ஏழு ஸ்டேடியா நீளப் பாலக்கரை இணைக்கிறது.

நடுவே வளைந்து கிடக்கும் கரையில் போசைடன் கோயில். அடுத்து ஆண்டனி தன் கடைசி நாட்களில் தனித்திருக்கக் கட்டிய மாளிகை. பிறகு சீசருக்கு எழுப்பிய கோயில்; அதன் வாசலில் இரண்டு ஒற்றைக்கல் தூண்கள். பிற்காலத்தில் ஒன்று லண்டனுக்கும் மற்றொன்று நியூயார்க்குக்கும் போய்விட்டன.

அதை ஒட்டி எம்போரியம், அதாவது வணிகர் துறை. பின்னாலேயே கிடங்குகள். அதற்கப்பால் கப்பல் கட்டும் கொட்டகைகள்.

இந்த எம்போரியம்தான் அன்றைய மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய கடைவீதி. கண்ணாடிப் பாத்திரம், லினன் துணி, பாப்பிரஸ் தாள் ஆகியவை உள்ளூர்ச் சரக்கு. அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும். இந்தியாவிலிருந்து மிளகு, திப்பிலி, முத்து, தந்தம், கடலாமை ஓடு.

சாம்பிராணிப் பட்டறையைப் பற்றிப் பிளினி எழுதிவைத்த ஒரு குறிப்பை மறக்க முடியவில்லை. வேலையாட்களின் அரைத்துணிக்கு முத்திரை வைப்பார்களாம். தலையில் நெருக்கமாகப் பின்னிய வலையை மாட்டுவார்களாம். வேலை முடிந்து வெளியே போகும்போது துணி முழுவதையும் அவிழ்த்துக் காட்ட வேண்டுமாம். ஒரு துண்டுகூடத் திருட்டுப் போகக் கூடாது! தெய்வத்துக்குப் புகைக்கும் பொருளைச் சலித்த கைகளுக்கு அந்த ஊர் கொடுத்த மரியாதை அது.

கலப்படமும் இருந்தது. திப்பிலி ஒரு ராத்தல் 15 தெனாரியஸ், வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. படைவீரன் ஒருவனுக்கு அப்போது ஆண்டுக்கே 225 தெனாரியஸ்தான் சம்பளம். ஒரு ராத்தல், அதாவது சுமார் 330 கிராம் திப்பிலிக்கு அவன் 24 நாள் சம்பளத்தை எண்ணிவைக்க வேண்டும். கை சும்மா இருக்குமா? அலெக்சாந்திரியாவின் கடுகைத் திப்பிலியோடு கலந்து விற்றார்கள். அதையும் பிளினிதான் போட்டு உடைத்தார்.

*

தாமரை இலையில் விருந்து

பொழுது சாய்கிறது. கடைத்தெரு நடந்த கால்கள் சோறு தேடும் நேரம்.

அலெக்சாந்திரியர் சாப்பாட்டுக்குத் தண்ணீரைத் தேடிப் போவார்கள். நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே கனோபஸ் ஊருக்குப் போகும் கால்வாய். இரவும் பகலும் அதில் படகுகள். ஆணும் பெண்ணும் குழலிசைக்கு ஆடிக்கொண்டு போவார்கள். கால்வாய் ஓரம் நெடுகச் சத்திரங்கள், விருந்துக் கூடங்கள். மாரியோட்டிஸ் கரைத் திராட்சை மது பெயர் பெற்றது. அதை வாங்க முடியாதவர்களுக்கு வாற்கோதுமைக் கள்.

ஏரிப்பக்கம் இன்னும் அழகான ஏற்பாடு. தாமரை ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும். கூடாரம் போட்ட படகுகளை அந்தத் தாமரைக் காட்டுக்குள் செலுத்தி, இலை நிழலில் விருந்து வைப்பார்கள். இலையையே தட்டாகவும் கிண்ணமாகவும் பயன்படுத்தினார்கள். நகரத்துக் கடைகளில் தாமரை இலை கட்டுக்கட்டாகக் குவிந்திருந்ததையும், இலை விற்பனை தோட்டக்காரர்களுக்கு ஒரு வருமானமாக இருந்ததையும் ஸ்ட்ராபோ குறித்திருக்கிறார்.

சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் மந்தாரை இலை தைத்துச் சந்தைக்கு அனுப்பிய பாட்டிகள் இந்த வரியைக் கேட்டால், அந்த ஊரைத் தூர தேசம் என்று நினைக்கமாட்டார்கள்.

அந்த இலையில் என்ன விழுந்தது? மீன், ரொட்டி, அவரை, கீரை. காசுள்ளவன் இலையில் எல்லாவற்றுக்கும் மேல் மிளகுத்தூள். அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலைப் புரட்டினால் மிளகு இல்லாத குறிப்பு அபூர்வம். இனிப்பிலும் மிளகு, மதுவிலும் மிளகு.

*

அந்தத் தெருவில் நம்மவர் உண்டா?

யவனர் இங்கே வந்து தங்கியதைச் சிலப்பதிகாரம் சொல்லும். நம்மவர் அங்கே போனார்களா?

செங்கடல் வரை போனது உறுதி. பழைய மியோஸ் ஹார்மோஸ் இருந்த குசைர் அல் காதிமில், பானை ஓட்டில் தமிழி எழுத்தில் இரண்டு பெயர்கள்: கணன், சாதன். அங்கேயே பானை உறியைக் குறிக்கும் சொல் எழுதிய இன்னொரு ஓடு. பெரெனிகேயில் கொற்றபூமான் என்ற பெயர். அதே பெரெனிகேயின் கோயில் முற்றத்தில் இந்தியச் சேமிப்புத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

அங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கு? தியோன் கிறிசோஸ்டம் என்ற பேச்சாளர் அலெக்சாந்திரியர் கூட்டத்தில் பேசும்போது, கூட்டத்தில் அரேபியர், பாரசீகர், பாக்ட்ரியரோடு சில இந்தியரும் உட்கார்ந்திருப்பதைக் காண்பதாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. எந்தக் கடற்கரையிலிருந்து வந்தார்கள் என்றும் சொல்லவில்லை.

இன்று அந்தத் துறைமுகத் தெருவைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியில்தான் பார்க்க வேண்டும். நில அதிர்ச்சியும், கி.பி. 365 ஜூலை 21-இல் வந்த ஆழிப்பேரலையும், தரை தாழ்ந்ததும் சேர்ந்து அரண்மனைக் கரையை விழுங்கிவிட்டன. 1990-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மூழ்கித் தேடித் தூண்களையும் சிலைகளையும் கண்டார்கள். கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 15-ஆம் நூற்றாண்டின் கைத்பே கோட்டை. கரையோரச் சாலை முழுக்கத் தேநீர்க் கடைகள், மீன் உணவகங்கள். கடலைப் பார்த்துச் சாப்பிடும் பழக்கம் மட்டும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

*

பட்டியலில் ஒரு வரி

கடைசியாக ஒரு பட்டியல்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கஸ் அவ்ரேலியஸும் அவன் மகன் கொம்மோதஸும் சேர்ந்து ஆண்ட காலத்தது. சுங்கம் கட்ட வேண்டிய கிழக்குச் சரக்குகள் ஐம்பதுக்கும் மேல் அதில் வரிசையாக இருக்கின்றன. ரோமானியச் சட்டத் தொகுப்பில் தப்பிப் பிழைத்தது. ஆய்வாளர்கள் இதை அலெக்சாந்திரியச் சுங்கப் பட்டியல் என்றே அழைக்கிறார்கள்.

திப்பிலி உண்டு. வெள்ளை மிளகு உண்டு. கருமிளகு இல்லை! ஏழை எளியவர் வீட்டுக்கும் போய்விட்டதால் விலக்கு அளித்தார்கள் என்று கருதுவோர் உண்டு. முத்து, தந்தம், பெரில் கல், சிங்கம், சிறுத்தை. இந்தியரின் தலைமுடிகூட இருக்கிறது.

அவற்றுக்கு நடுவே ஒரு பொருள்: இந்திய இரும்பு.

1994-இல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் தென்னார்க்காட்டில் தான் கண்டறிந்த ஒரு பழைய உருக்காலை இடத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். உருக்கு வார்த்த மண்மூசைகளின் துண்டுகள் அங்கே கிடந்தன. சோதித்தபோது அதிகக் கரிமம் ஏறிய உயர்தர உருக்கின் தடயம் தெரிந்தது. ஊரின் பெயர் மேல்சிறுவள்ளூர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம், சங்கராபுரம் வட்டம்.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசியா மார்ஷல் ஹீத், சேலம் பக்கத்துக் கொல்லர்கள் உருக்குச் செய்ததை 19-ஆம் நூற்றாண்டில் பார்த்து எழுதினார். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டைச் சீவல், மேலே எருக்கிலை, களிமண்ணால் வாயடைத்த மூசை, மணிக்கணக்கில் துருத்தி. அந்தக் கைத்திறன் இந்த மலையடிவாரத்துக்கும் சொந்தம் என்பதற்கு மேல்சிறுவள்ளூரின் மூசைத் துண்டுகள் சாட்சி.

அந்தப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்து ஓரத்தில் கறுத்த கசடும், உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கும் சுட்டமண் துண்டும் மேடாகக் கிடந்தால், ஜேசிபி விட்டுச் சமன் செய்துவிடாதீர்கள். தொல்லியல் துறைக்கு ஒரு சொல் சொல்லுங்கள். நம் மலையின் கணக்கு எழுதியிருக்கும் தாள் அதுதான்.

மேல்சிறுவள்ளூரின் முதல் உலை எந்த நூற்றாண்டில் மூட்டப்பட்டது? அலெக்சாந்திரியாவின் சுங்கக்காரன் எடை போட்ட இந்திய இரும்பில், தென்பெண்ணைக் கரையில் உருகிய கட்டி ஒன்றாவது இருந்ததா? அடுத்த வாரம் வடபொன்பரப்பி வழியாக அந்த ஊருக்குப் போகிறோம்.

(தொடரும்)